ரெட் லைட் சிகிச்சையும் வெயில் கருமையும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தோல் கிளினிக் ஒன்றில் லேசர், லைட் கருவிகளை இயக்கும் வேலை எனக்கு. சிவப்பு எல்இடி மாஸ்க் ஆன்லைனில் சுலபமாகக் கிடைக்க ஆரம்பித்த பிறகு, வருகிறவர்களில் பலர் ஒரே சந்தேகத்தை இரண்டு விதமாகக் கேட்கிறார்கள். "அக்கா, இதைப் போட்டால் முகம் கறுத்துவிடுமா?" என்று சிலர். "வெயிலில் கறுத்ததை இது எடுத்துவிடுமா?" என்று சிலர். கறுக்க வைக்காது, கறுத்ததை எடுக்கவும் எடுக்காது. சுருக்கமான பதில் அவ்வளவுதான். ஆனால் நம் மாநிறத் தோலுக்கு அந்த ஒரு வரி போதாது என்பதால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில், ரெட் லைட் தெரபி என்றால் என்ன?

எல்இடி விளக்குகளிலிருந்து வரும் சிவப்பு வெளிச்சத்தைத் தோலில் படவிடுவது. பெரும்பாலான கருவிகளில் இதன் அலைநீளம் 630 முதல் 660 நானோமீட்டர் வரை இருக்கும். கூடவே 830 நானோமீட்டரை ஒட்டிய அகச்சிவப்புக் கதிரையும் சேர்த்திருப்பார்கள். அது கண்ணுக்குத் தெரியாது. "மாஸ்க்கில் பாதி விளக்கு எரியவில்லை, திருப்பி அனுப்பட்டுமா?" என்று கேட்டவர்கள் உண்டு. பெரும்பாலும் அது பழுதில்லை, அகச்சிவப்பு விளக்குகள் அப்படித்தான் இருக்கும்.

இந்த ஒளி தோலுக்குள் சில மில்லிமீட்டர் வரை இறங்குகிறது. செல்லுக்குள் இருக்கும் மைட்டோகாண்ட்ரியா, அதிலும் சைட்டோகுரோம் சி ஆக்சிடேஸ் என்ற நொதி, இதை உறிஞ்சிக்கொள்கிறது என்பது ஆய்வாளர்கள் பெரும்பாலும் சொல்லும் விளக்கம். 1967-ல் ஹங்கேரியின் புடாபெஸ்ட் நகரில் எண்ட்ரே மெஸ்டர் என்ற மருத்துவர், முடி மழித்த எலிகளின் மேல் ரூபி லேசரின் சிவப்பு ஒளியைப் பாய்ச்சினார். ஒளி பட்ட எலிகளுக்கு முடி சீக்கிரம் வளர்ந்தது. இந்தத் துறையின் ஆரம்பம் அதுதான்.

வெயிலும் வெளிச்சம், இதுவும் வெளிச்சம். வெயில் கறுக்க வைக்கும்போது இது ஏன் வைக்காது?

எல்லாரும் கேட்கும் கேள்வி இது. நல்ல கேள்வியும்கூட.

பழைய போட்டோ ஸ்டுடியோவின் இருட்டறை ஞாபகம் இருக்கிறதா? கறுப்பு வெள்ளைப் படத்தைக் கழுவும்போது உள்ளே சிவப்பு பல்பு மட்டும்தான் எரியும். அந்தத் தாளின் மேல் ஒரு கீற்று வெயில் பட்டால் தாள் கறுத்துவிடும். சிவப்பு வெளிச்சத்தில் மணிக்கணக்காக வேலை செய்வார்கள், தாளுக்கு ஒன்றும் ஆகாது. எவ்வளவு வெளிச்சம் என்பதைவிட என்ன வெளிச்சம் என்பதுதான் அங்கே கணக்கு. தோலின் வேதியியல் வேறு என்றாலும் கணக்கு கிட்டத்தட்ட இதேதான்.

வெயிலில் நம்மைக் கறுக்க வைப்பது முக்கியமாகப் புற ஊதாக் கதிர்கள். அவற்றின் அலைநீளம் 400 நானோமீட்டருக்குக் கீழே. அதில் யூவி-ஏ, தோலில் ஏற்கெனவே இருக்கும் மெலனின் என்னும் நிறமியை ஆக்சிஜனேற்றம் செய்து உடனடியாகக் கறுக்க வைக்கிறது. வெயிலில் அலைந்துவிட்டு வந்து கண்ணாடி பார்த்ததும் தெரிகிற கறுப்பு அது. யூவி-பி செய்வது இன்னும் ஆழமான வேலை. அது தோல் செல்லின் டிஎன்ஏவையே சேதப்படுத்துகிறது. அடிபட்ட செல் ஒரு ஹார்மோன் சமிக்ஞையை அனுப்ப, மெலனோசைட் என்னும் நிறமி செல் புதிதாக மெலனின் தயாரித்துப் பக்கத்துச் செல்களுக்குக் கொடுக்கிறது. அந்த மெலனின் செல்லின் உட்கருவுக்கு மேலே ஒரு குடை மாதிரி போய் உட்கார்கிறது. இதற்கெல்லாம் இரண்டு மூன்று நாள் பிடிக்கும். அதனால்தான் ஞாயிற்றுக்கிழமை கடற்கரைக்குப் போனவர் செவ்வாய், புதன் கிழமை இன்னும் கறுப்பாகத் தெரிகிறார்.

அதாவது டேன் என்னும் வெயில் கருமை, அடிபட்ட தோல் தன்னைக் காத்துக்கொள்ளப் பிடிக்கும் குடை. 633 நானோமீட்டர் சிவப்பு ஒளித் துகள் ஒன்றுக்கு யூவி-பி துகளின் ஆற்றலில் ஏறக்குறைய பாதிதான். டிஎன்ஏவை நேரடியாக உடைக்க அது போதாது. அடி இல்லாதபோது குடைக்கும் வேலை இல்லை.

இந்த வித்தியாசத்தை நூறு வருடத்துக்கு முன்பே ஒருவர் யோசித்திருக்கிறார். பரோயே தீவுகளில் பிறந்த டேனிஷ் மருத்துவர் நீல்ஸ் பின்சன், 1893 வாக்கில் பெரியம்மை நோயாளிகளைச் சிவப்புத் திரை போட்ட அறையில் வைக்கச் சொன்னார். ஊதாப் பக்கத்துக் கதிர்கள் புண்ணை மோசமாக்கும், சிவப்பு மோசமாக்காது என்பது அவர் எண்ணம். பிறகு அதே ஊதாப் பக்கத்துக் கதிர்களைக் குவித்துத் தோல் காசநோய்க்கு சிகிச்சை கொடுத்தார். அதற்காக 1903-ல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

எங்கள் பக்கத்து வீட்டுப் பெண் ஆஸ்பத்திரியில் லைட் ட்ரீட்மென்ட் எடுத்துக் கறுத்துப்போனாளே?

அது வேறு லைட். வெண்புள்ளி, சோரியாசிஸ் போன்றவற்றுக்குக் கொடுப்பது பெரும்பாலும் 311 நானோமீட்டர் யூவி-பி. வெண்புள்ளிக்கு அதன் நோக்கமே நிறத்தை வரவழைப்பதுதான். புள்ளியில் நிறம் வரும்போது சுற்றியுள்ள தோலும் கறுக்கும். சிகிச்சை நின்ற பிறகு அந்தக் கறுப்பு மெல்ல இறங்கும். தயவுசெய்து அந்தப் பெண்ணைப் பார்த்துப் பயந்து யாரும் வெண்புள்ளி சிகிச்சையைப் பாதியில் விடாதீர்கள்.

பிறந்த குழந்தைக்கு மஞ்சள் காமாலைக்கு வைக்கும் விளக்கு நீலம். அதுவும் இதில் சேராது.

மாநிறம், கறுப்பு நிறத் தோலுக்குச் சிவப்பு விளக்கு ஆபத்தில்லையா?

இங்கேதான் நிதானமாகப் படிக்கச் சொல்வேன். புற ஊதாக் கதிர் மட்டும்தான் கறுக்க வைக்கும் என்று நெடுங்காலம் நினைத்திருந்தார்கள். 2010-ல் அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரில் வெளிவந்த ஆய்வு ஒன்று, கண்ணுக்குத் தெரியும் சாதாரண ஒளியும் மாநிறத் தோலையும் கறுப்புத் தோலையும் கறுக்க வைக்கிறது, அந்தக் கறுப்பு வாரக்கணக்கில் நிற்கிறது என்று காட்டியது. வெள்ளைத் தோலில் அதே ஒளி அப்படிச் செய்யவில்லை. அதுவரை வந்த பல அறிவுரைகள் வெள்ளைத் தோலை மனதில் வைத்து எழுதப்பட்டவை என்பது நமக்கு இப்படித்தான் உறைத்தது.

சரி, கண்ணுக்குத் தெரியும் ஒளியில் எந்த நிறம் அதைச் செய்கிறது? பிரான்ஸ் ஆய்வாளர்கள் 2014-ல் இரண்டை ஒப்பிட்டார்கள்: 415 நானோமீட்டர் நீலஊதா, 630 நானோமீட்டர் சிவப்பு. நீலஊதா பட்ட இடம் கறுத்தது, சிவப்பு பட்ட இடம் கறுக்கவில்லை. மெலனோசைட்டில் ஆப்சின்-3 என்ற ஒரு புரதம் இருக்கிறது, அது நீல ஒளியை உணர்ந்து நிறமி வேலையை முடுக்கிவிடுகிறது என்பதும் பின்னால் தெரிந்தது.

இதை எதற்குச் சொல்கிறேன் என்றால், கடையில் "ஏழு நிற மாஸ்க்" என்று விற்பதில் நீலமும் இருக்கும். பருவுக்கு நல்லது என்று அந்த நீலத்தை வைப்பார்கள். பருக் கிருமிக்கு நீல ஒளி வேலை செய்கிறது என்பது உண்மைதான். ஆனால் பரு போன இடத்தில் கறுப்புத் தழும்பு சுலபமாக விழும் தோல் நம்முடையது. சிவப்பு என்று நினைத்து வாங்கி, தெரியாமல் தினமும் நீலத்தையும் ஓட்டிக்கொண்டிருந்தால் வேண்டாத இடத்தில் கருமை வர வழி இருக்கிறது. பெட்டியைத் திருப்பி எண்ணைப் பாருங்கள். 415 என்றோ 460 என்றோ போட்டிருந்தால் அது நீலம்.

சிவப்பிலும் அளவு உண்டு. அமெரிக்காவில் சிவப்பு எல்இடியின் அளவைப் படிப்படியாகக் கூட்டிப் பார்த்த பரிசோதனைகளில், வெள்ளைத் தோல்காரர்கள் சதுர சென்டிமீட்டருக்கு 480 ஜூல் (ஆற்றலை அளக்கும் அலகு) வரை தாங்கினார்கள். மாநிறம், கறுப்புத் தோல்காரர்களுக்குப் பாதுகாப்பான எல்லை 320 ஜூல் என்று வந்தது. வீட்டு மாஸ்க் அதன் பக்கத்தில்கூட வராது. சதுர சென்டிமீட்டருக்கு 30 மில்லிவாட் கொடுக்கும் மாஸ்க்கைப் பத்து நிமிடம் போட்டால் மொத்தம் 18 ஜூல். பயம் வேண்டாம். ஆனால் "ஒரு மணி நேரம் போட்டால் சீக்கிரம் பலன்" என்று நினைப்பவர்களுக்கும் இதுதான் பதில். இந்த ஒளிக்கு அளவோடு கொடுத்தால்தான் பலன், கூட்டினால் பலன் குறையவும் செய்யும்.

எனக்கு மங்கு இருக்கிறது. போடலாமா?

தோல் மருத்துவரைக் கேட்காமல் வேண்டாம். மங்கு சூட்டுக்கும் வெளிச்சத்துக்கும் சட்டென்று கோபித்துக்கொள்ளும். அடுப்பு அனலில் அதிக நேரம் நிற்பவர்களுக்கு மங்கு தூக்கலாகத் தெரிவதை நீங்களே பார்த்திருப்பீர்கள். சில கருவிகள், அதிலும் அகச்சிவப்பு அதிகம் உள்ளவை, முகத்தைச் சூடாக்கும். போட்டுக் கழற்றியதும் கன்னத்தில் கை வைத்துப் பாருங்கள். வெதுவெதுப்பைத் தாண்டிச் சூடாக இருந்தால் அந்தக் கருவி உங்களுக்கு ஆகாது.

பிசியோதெரபியில் வைக்கும் சிவப்பு பல்பும் இதுவும் ஒன்றா?

இல்லை. அது வலிக்குச் சூடு கொடுக்கும் அகச்சிவப்பு விளக்கு. அதை முகத்தில் காட்டாதீர்கள். ஒரே இடத்தில் நாள்தோறும் அனல் பட்டால், தோலில் வலை வலையாகப் பழுப்புக் கோடுகள் விழும். குளிர் நாடுகளில் கணப்பு முன்னால் உட்கார்ந்தவர்களின் காலில் அந்தக் காலத்தில் வரும். இப்போது மடியில் லேப்டாப் வைத்து வேலை பார்ப்பவர்களின் தொடையிலும், வயிற்றில் வெந்நீர்ப் பை வைத்தே தூங்குபவர்களுக்கும் வருகிறது. அதைத் தேய்த்து எடுக்க முடியாது.

வீட்டில் சிவப்பு ஜீரோ வாட் பல்பு இருக்கிறது. அதன் முன்னால் உட்காரலாமா?

உட்காரலாம், கெடுதல் இல்லை. பலனும் இருக்காது. தேவையான அலைநீளமும் வலிமையும் அதில் கிடையாது.

வெயிலில் கறுத்த முகத்தை ரெட் லைட் எடுக்குமா?

நேரடியாக எடுக்காது. கறுத்த மெலனின் இருப்பது தோலின் மேலடுக்குச் செல்களில். அந்தச் செல்கள் கீழிருந்து மேலே வந்து உதிர ஒரு மாதம் முதல் ஒன்றரை மாதம் ஆகும். வயது கூடக் கூட இன்னும் மெதுவாகும். புது வெயில் படாமல் இருந்தால் டேன் தானாக இறங்கும். சிவப்பு விளக்கு மெலனினை உடைப்பதில்லை. அது வீக்கத்தைக் குறைக்கும், தோலைக் கொஞ்சம் வழவழப்பாகக் காட்டும். அதனால் முகம் தெளிவாக இருப்பதாகத் தோன்றும். அதை "டேன் போயிற்று" என்று எடுத்துக்கொள்கிறார்கள்.

பார்லரின் டீ-டேன் பேக்கிலும் இதேபோல ஒன்று நடக்கிறது. ப்ளீச் போட்டால் முதலில் வெளுப்பது முகத்தின் பூனை முடி. முடி பொன்னிறமானதும் முகமே வெளுத்ததாகத் தெரியும்.

வீட்டில் பயத்தம் மாவு, தயிர் போடுவதில் எனக்கு ஆட்சேபமில்லை. மெதுவாகத் தேய்த்தால் சரி. எலுமிச்சைச் சாறு மட்டும் வேண்டவே வேண்டாம். அதைப் பூசிக்கொண்டு வெயிலில் போனால் அதில் உள்ள பொருள் யூவி-ஏவோடு சேர்ந்து தோலைப் புண்ணாக்கிவிடும். சாறு வழிந்த தடத்திலேயே கோடு கோடாகக் கறுப்பு விழுந்து மாதக்கணக்கில் நிற்கும். மெடிக்கலில் கேட்டு வாங்கும் "வெள்ளையாக்கும்" ஸ்டீராய்டு கிரீம் அதைவிட மோசம். முதல் மாதம் பளபளக்கும், பிறகு தோல் மெலிந்து, சிவந்து, நிறுத்தினாலே எரியும். அப்படி வந்த பிள்ளைகளை எங்கள் கிளினிக்கில் பார்க்கும்போதெல்லாம் மனது கஷ்டமாக இருக்கிறது.

இது டேனா, என் நிறமே இதுதானா? எப்படித் தெரிந்துகொள்வது?

முழங்கைக்கு மேலே, அக்குளை ஒட்டிய உள் பக்கத்தைப் பாருங்கள். வெயில் அதிகம் படாத இடம் அது. ஏறக்குறைய உங்கள் பிறவி நிறம் அங்கே இருக்கும். முகமும் முன்கையும் அதைவிட எவ்வளவு கறுத்திருக்கிறதோ அவ்வளவுதான் வெயில் போட்டது. அதுவரை இறங்கலாம். அதற்குக் கீழே இறக்க ஆரோக்கியமான வழி எதுவும் இல்லை, தேவையும் இல்லை. நிச்சயதார்த்தத்துக்கு முன் "நாலு ஷேடு குறைக்கணும்" என்று அம்மாவோடு வரும் பெண்களிடம் நான் முதலில் செய்வது, கையைத் தூக்கச் சொல்லி அந்த இடத்தைக் காட்டுவதுதான். பல பேருக்கு முகத்துக்கும் அதற்கும் பெரிய வித்தியாசமே இருக்காது.

வெளியே போகும் முன் ரெட் லைட் போட்டால் வெயில் தாக்காது என்கிறார்களே?

கனடாவின் மான்ட்ரியலில் 2008-ல் வந்த ஒரு சிறிய ஆய்வு இந்தப் பேச்சுக்கு அடிப்படை. 660 நானோமீட்டர் ஒளியைப் பல தடவை கொடுத்த பிறகு யூவி-பி பட்டபோது, தோல் குறைவாகச் சிவந்தது. சுவாரசியமான விஷயம்தான். ஆனால் அதை நம்பி சன்ஸ்கிரீனை விடக் கூடாது. ஏப்ரல், மே மதியத்தில் நம் ஊரில் யூவி குறியீடு 11-ஐத் தாண்டும். சிவப்பு விளக்கு அதற்குக் குடையாகாது.

கனடாவில் இருக்கிறேன். இங்கே டேனிங் சலூனிலேயே ரெட் லைட் படுக்கை இருக்கிறது. போகலாமா?

ஸ்கார்பரோவிலிருந்து என் சித்தி மகள் கேட்டது. அங்கே டேனிங் சலூன் என்பது, வெள்ளைத் தோலைப் பழுப்பாக்கிக்கொள்ளப் போகும் இடம். படுக்கை போன்ற பெட்டிக்குள் படுத்தால் புற ஊதாக் குழல் விளக்குகள் எரியும். உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் 2009-ல் இந்தக் கருவிகளைப் புற்றுநோய் உண்டாக்கும் முதல் பிரிவில், புகையிலை இருக்கும் அதே பிரிவில், சேர்த்தது. பிரேசில் அதே வருடம் அழகுக்கான டேனிங் படுக்கைகளைத் தடை செய்தது. ஒன்டாரியோவில் 18 வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்கு 2014 மே முதல் அனுமதி இல்லை.

இப்போது அதே சலூன்களில் சிவப்பு விளக்குப் படுக்கையும் வந்திருக்கிறது. சிவப்பு மட்டும் எரிந்தால் பிரச்சினை இல்லை. ஆனால் புற ஊதாவையும் சிவப்பையும் ஒரே பெட்டியில் வைத்த கலப்புப் படுக்கைகளும் உண்டு. பார்க்க இரண்டும் சிவப்பாகவே தெரியும். "இதில் யூவி விளக்கு இருக்கிறதா?" என்று நேராகக் கேளுங்கள். படுத்து எழுந்து இரண்டு நாளில் உள்ளாடைத் தடம் தெரிந்தால் அதில் யூவி இருந்தது என்று அர்த்தம்.

அவள் கேட்ட இன்னொன்று: குளிர்காலத்தில் வைட்டமின் டி கிடைக்குமா? கிடைக்காது. தோல் வைட்டமின் டி தயாரிக்க யூவி-பி வேண்டும். ரத்தப் பரிசோதனை செய்து, மருத்துவர் சொல்லும் மாத்திரையை எடுத்துக்கொள்வதே வழி.

அப்புறம் எதற்குத்தான் ரெட் லைட்?

நேர்மையாகச் சொன்னால், மெல்லிய சுருக்கம், தோலின் சொரசொரப்பு, நீலத்தோடு சேர்த்துப் பரு, சில வகை முடி உதிர்தல். இவற்றில் ஓரளவு பலன் இருக்கிறது. ஜெர்மனியில் 2014-ல் வெளியான ஆய்வில் 136 பேர் கலந்துகொண்டார்கள். ஒளி வாங்கியவர்களுக்குத் தோலின் மென்மையும் தோலை உறுதியாக வைக்கும் கொலாஜன் என்ற புரதத்தின் அடர்த்தியும் கூடின. வாரத்துக்கு மூன்று முதல் ஐந்து முறை, ஒவ்வொரு தடவையும் பத்து, இருபது நிமிடம் என்று இரண்டு மூன்று மாதம் போட்டால்தான் ஏதாவது தெரியும்.

யார் தவிர்க்க வேண்டும்?

லூபஸ் (உடலின் எதிர்ப்பு சக்தி உடலையே தாக்கும் நோய்) உள்ளவர்கள், விழித்திரை நோய் உள்ளவர்கள், பருவுக்கு டாக்சிசைக்ளின், ஐசோட்ரெட்டினோயின் போன்ற மாத்திரை சாப்பிடுகிறவர்கள் மருத்துவரைக் கேட்காமல் போடக் கூடாது. கண்ணை லேசாக நினைக்காதீர்கள். 2019-ல் நியூட்ரோஜீனா தன் லைட் மாஸ்க்கைச் சந்தையிலிருந்து திரும்பப் பெற்றது கண் பாதுகாப்புக்காகத்தான். சில கண் நோய் உள்ளவர்களுக்கு ஆபத்து இருக்கலாம் என்று அப்போது சொன்னார்கள். கண் மூடி தந்திருந்தால் போட்டுக்கொள்ளுங்கள்.

எந்த சன்ஸ்கிரீன்?

வெளியே போவதற்கு கால் மணி நேரம் முன்னால், முகத்துக்கும் கழுத்துக்கும் இரண்டு விரல் நீளம். மங்கு அல்லது பருத் தழும்பு உள்ளவர்கள் நிறம் சேர்த்த சன்ஸ்கிரீனாக வாங்குங்கள். அதில் உள்ள அயர்ன் ஆக்சைடு, மேலே சொன்ன நீல ஒளியையும் தடுக்கும். சாதாரண சன்ஸ்கிரீன் அதைப் பெரிதாகத் தடுப்பதில்லை.

மாஸ்க் போட்டுவிட்டு உடனே வெயிலில் போகலாமா?

போகலாம். கெமிக்கல் பீல் போல இது தோலை மெலிதாக்கி வெயிலுக்குக் கொடுத்துவிடாது. நான் இரவில் போடச் சொல்வதற்குக் காரணம் வேறு. வங்கியில் வேலை செய்யும் ஒரு அம்மா, தினமும் அரை மணி நேரம் ஸ்கூட்டர் ஓட்டிப் போகிறவர், விலையுயர்ந்த மாஸ்க் வாங்கி நான்கு மாதமாகியும் டேன் குறையவில்லை என்று வந்தார். பேசப் பேசத்தான் தெரிந்தது. காலையில் இருபது நிமிடம் மாஸ்க், அதனால் நேரமாகிவிடும், சன்ஸ்கிரீன் போடாமலே கிளம்பிவிடுவார். மாஸ்க்கை இரவுக்கு மாற்றினோம். காலையில் சன்ஸ்கிரீன், ஸ்கூட்டரில் முழுக்கை உறை. மூன்றாவது மாதம் வந்தபோது வாட்சைக் கழற்றிக் காட்டினார். பட்டையின் அடியில் இருந்த வெளுத்த கோடு எங்கே முடிகிறது என்று உற்றுப் பார்க்க வேண்டியிருந்தது.